களிமண் புறாவும் முதல் துவக்கும்

நாம் வாங்கும் பொருள்களுட் பெரும்பாலானவை பழுதானவையெனப் பின்னர்த் தெரியவருமாயின் நட்டம் பணத்தோடு ஒழியும். பொருந்தாத பாதணி காலைக் கடிக்கும், கெட்ட மணிக்கூடு நேரந் தவறும், அவ்வளவே. துவக்கு அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. தோட்டா வெடிக்கும் அக்கணத்திலே சுடுவோரின் ஒரு கை குழலின் கீழும், கன்னம் பிடங்கின் மேலும், கண் குழலுக்கு நேராகவும் இருக்கின்றன. குழல் தாங்காவிடின் அழிவது பணம் மட்டுமன்று. ஆதலின், பிறர் பாவித்த துவக்கொன்றைக் களிமண் புறா விளையாட்டுக்கென முதன்முறையாக வாங்க விழைவோர் அறிந்திருக்கவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கல்லூரி மலரில் இப்பொருள் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நம் நாட்டிலே துவக்கு என்றவுடன், வன்னியிற் பயிரைப் பன்றியினின்றுங் காத்த உழவரின் வேட்டைத் துவக்கும், நாட்டுக் கொல்லர் சமைத்த இடியனும் முதியோர் நினைவுக்கு வரும். இளையோர்க்கோ போர்க்காலமே நினைவுக்கு வரும். அச்சொல்லைக் கேட்டவுடன் மனங் கசக்கும் வீடுகள் நம்மிடையே பல. எனினும், பழைய மாணவர் பலர் இங்கிலாந்திற் குடியேறி, அவர்தம் மக்கள் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயிலும் இக்காலத்திலே, எவ்வுயிரையுங் கொல்லாத துவக்கு விளையாட்டொன்று அங்கே உண்டென்பதும், மாணவர் கழகங்களிலும் அது பயிலப்படுகிறதென்பதும் அறியத்தக்கவை. மகனோ மகளோ "ஒரு துவக்கு வாங்கப்போகிறேன்" என்று கூறுமிடத்துத் திகைத்துத் தடுப்பதிலும், எதனை வினவவேண்டுமென அறிந்து வினவுதலே பெற்றோர்க்கு அழகு.

விளையாட்டின் வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு இங்கிலாந்திலே, பெட்டியில் அடைத்த உயிர்ப்புறாக்களைத் திடீரெனத் திறந்துவிட்டுச் சுடும் வழக்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே புறாவுக்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுடலாயினர். 1880ஆம் ஆண்டளவில் அமெரிக்க நாட்டுச் சின்சினாற்றி நகரத்தவரான ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி என்பார் தட்டையான களிமண் வட்டொன்றை ஆக்கினார். சிறுவர்கள் சிப்பியோட்டை நீரின்மேற் சறுக்கி எறிந்து விளையாடுவதைக் கண்டமையே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது என்பர். பிரித்தானியாவில், அடைபட்ட பறவைகளை விடுவித்துச் சுடுதல் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. உயிர்ப்புறா நீங்கியது, அதன் பெயர் மட்டும் விளையாட்டில் எஞ்சியது.

இன்றைய 'புறா' களிமண்ணால் ஆயதுமன்று. சுண்ணக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்த்த சிறு வட்டே அது. குறுக்களவு 110 மில்லிமீற்றர். நிறை ஏறக்குறைய 105 கிராம். பொறியொன்று அதனை வானில் வீச, சுடுவோர் அது நிலத்தை எய்துமுன் உடைத்தல் வேண்டும். 'ட்ராப்' என்னும் வகையில் வட்டுக்கள் சுடுவோரை விட்டு விலகி முன்னோக்கிப் பறக்கும். 'ஸ்கீட்' என்பதில் இருபுறமுமுள்ள உயர்ந்த, தாழ்ந்த கூடுகளினின்று குறுக்கே பறக்கும். 'ஸ்போர்ட்டிங்' என்பதிலோ பறவையும் முயலும் இயங்குமாறுபோலப் பல திசைகளிற் பறந்தும் உருண்டும் செல்லும். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கிலே ட்ராப் இடம்பெற்றது. ஸ்கீட் 1968இல் மெக்சிக்கோவிற் சேர்க்கப்பட்டது. தமிழர்க்கும் இவ்விளையாட்டு முற்றும் புதிதன்று. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருதிவிராஜ் தொண்டைமான் 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கிலே இந்தியாவின் சார்பில் ட்ராப் போட்டியிற் கலந்துகொண்டார்.

சட்டம் கூறுவது

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொத்லாந்து ஆகியவற்றிலே 1968ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி வேட்டைத் துவக்கை உடைமையாக்க விரும்புவோர் பொலிசாரிடமிருந்து அத்தாட்சிப் பத்திரம் பெறல் வேண்டும். பத்திரம் ஐந்தாண்டுக்குச் செல்லும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதற் பத்திரத்துக்கான கட்டணம் 194 பவுணாக உயர்த்தப்பட்டது. விலைக்கு வாங்குவோர் 18 வயது நிரம்பியவராதல் வேண்டும். பொலிசார் இல்லத்துக்கு வந்து, துவக்கைப் பூட்டிவைக்கும் இடத்தைப் பார்வையிடுவர். பிறர் எடுக்க இயலாதவாறு காத்தல் பத்திரத்தின் நிபந்தனை. ஆதலாற் சுவரோடு பிணைத்த உருக்குப் பேழையே வழக்கமாகக் கொள்ளப்படுகிறது. திறவுகோல் இருக்குமிடம், பத்திரம் இல்லாத வீட்டார் எவருக்கும் தெரிதலாகாது. பெற்றோர்க்கும் இவ்விதி பொருந்தும்.

இக்கண்டிப்புக்குத் தக்க காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே பிளிமத் நகரில், முன்னர்ப் பறிக்கப்பட்டிருந்த துவக்கும் பத்திரமும் மீளக் கொடுக்கப்பெற்ற ஒருவன் சில கிழமைகளுள் ஐவரைக் கொன்றான். அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த அரச வழிகாட்டலின்படி, விண்ணப்பகாரரின் உடல்நலம், உளநலம் பற்றி மருத்துவரின் குறிப்புப் பெறாது பத்திரம் வழங்கப்படுவதில்லை. இதனை அவமதிப்பாகக் கொள்வது பொருந்தாது.

நிற்க, பத்திரம் பெறுமுன்னரே இவ்விளையாட்டைப் பயிலவும் சட்டம் இடமளிக்கிறது. செயற்கை இலக்குகளைச் சுடுவதற்கெனப் பொலிஸ் தலைவரால் அங்கீகரிக்கப்பட்ட இடத்திலும் வேளையிலும், பத்திரமில்லாதவரும் பிறருடைய துவக்காற் சுடலாம். எனவே, முதலில் வாங்கவேண்டியது துவக்கன்று, பயிற்சியே. இங்கிலாந்தின் களிமண் புறாச் சுடுவோர் சங்கம் 1928ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதனோடிணைந்த நிலங்களிற் பயிற்றுநர் உளர். அவர் முன்னிலையிற் பல துவக்குக்களை எடுத்துச் சுட்டவர்க்கே தமக்கு எது பொருந்தும் என்பது விளங்கும். விளம்பரத்தைக் கண்டு வாங்கியபின் பயிலத் தொடங்குவோர், துவக்குக்கு ஏற்பத் தம் உடலை வளைக்க நேரிடும்.

எவ்வகைத் துவக்கு?

துவக்கின் அளவு பழைய கணக்கொன்றினாற் குறிக்கப்படுகிறது. குழலின் உட்பருமனுக்குச் சரியான ஈயக்குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தலாகுமோ, அத்தொகையே துவக்கின் எண். பன்னிரண்டு குண்டுகள் ஓர் இறாத்தலாயின் அது பன்னிரண்டாம் எண் துவக்கு. அதன் உட்பருமன் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். எண் கூடக் குழல் ஒடுங்கும். களிமண் புறாவுக்குப் பன்னிரண்டாம் எண்ணே பெருவழக்கு. அதற்குரிய தோட்டாக்கள் எங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. உடல் மெலிந்தோர்க்கு இருபதாம் எண் துவக்கு நன்றென்று கூறுவோர் உளர். ஆயினும் துவக்கு இலேசாகுந்தோறும் தோளில் உதைக்கும் விசை மிகும். நிறைகூடிய பன்னிரண்டாம் எண் துவக்கிலே 21 அல்லது 24 கிராம் சன்னமுள்ள தோட்டாவை இட்டுச் சுடுதல் தொடக்கநிலையாளர்க்கு மென்மையானது.

குழல்கள் பக்கத்திற் பக்கமாக அமைந்த துவக்கும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்ததும் உண்டு. இவ்விளையாட்டுக்குப் பின்னையதே இன்று பெரும்பாலோர் கைக்கொள்வது. பார்வை ஒரே குழலின் வழியே செல்வதால் இலக்கு மறைபடுவது குறைவு. இத்தாலி நாட்டின் பெரெட்டா, யப்பானிலே செய்யப்படும் மிறோக்கு, பிறவுணிங் என்பன பாவித்த துவக்குச் சந்தையில் மிகுதியாகக் காணப்படும் பெயர்கள். ஜோன் பிறவுணிங் வகுத்த மேல்கீழ்க் குழல் அமைப்பு, அவர் 1926இல் மறைந்தபின் பெல்ஜியத்தின் லியேஜ் அருகே செய்யப்பட்டு வெளிவந்தது. அதன் வழிவந்த துவக்குக்களே இன்றைய பிறவுணிங், மிறோக்கு வகைகள். இவற்றுக்கு உதிரிப்பாகங்கள் எளிதிற் கிடைப்பதும், இவற்றைத் திருத்த அறிந்தோர் ஊர்தோறும் இருப்பதும் முதல் துவக்கு வாங்குவோர்க்குப் பெரும் நன்மைகளாம். அரிதான பெயரும் அழகிய செதுக்கும் உள்ளதென்று மயங்கி வாங்கிய துவக்கின் ஊசியொன்று முறிந்தால், மாதக்கணக்கிற் காத்திருக்க நேரும்.

ட்ராப்புக்கென்றே செய்த துவக்கு, எழும் இலக்கைச் சுடுவதற்காகச் சற்று மேலே அடிக்கும். ஸ்கீட்டுக்கென்றே செய்ததன் குழல்வாய் அகன்று, அண்மை இலக்குக்கே பயன்படும். எதனை விரும்பிப் பயிலப்போகிறோம் என்று அறியாதவர், 28 அல்லது 30 அங்குலக் குழலுள்ள 'ஸ்போர்ட்டர்' வகையைத் தெரிதல் நன்று. அதன் குழல்வாயிலே சுருக்கக் குழாய்களை மாற்றிப் பொருத்தும் வசதி இருப்பின் மூவகை விளையாட்டுக்கும் அது உதவும்.

உடலுக்குப் பொருந்துதல்

சன்னத் துவக்காற் குறிபார்த்துச் சுடுவதில்லை. பார்வை இலக்கிலேயே நிற்கத் துவக்கு அதனைத் தொடர்ந்து செல்கிறது. ஆகவே பின்குறி என்பது கண்ணே. பிடங்கு பொருந்தாவிட்டாற் கண் தன் இடத்திலிராது. எவ்வளவு பயின்றாலும் சன்னம் இலக்கின் மேலோ கீழோ பக்கத்திலோ செல்லும்.

முதலில், இரு கண்களையும் திறந்தவாறே தூரத்துப் பொருளொன்றை விரலாற் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, எக்கண் ஆட்சி செய்கிறதென அறிதல் வேண்டும். வலத்தோளிற் சுடுவோரின் ஆட்சிக்கண் இடப்பக்கமாயின், அதனைப் பயிற்றுநருக்குச் சொல்லிப் பரிகாரங் காணுதல் அவசியம். அடுத்து, துவக்கு வெறுமையாக உள்ளதென்பதை உறுதிசெய்து, பாதுகாப்பான திசையை நோக்கிக் கண்ணை மூடியவாறு தோளில் ஏற்றிப் பின் கண்ணைத் திறக்கவேண்டும். குழலின் மேற்பட்டி நேராகக் கண்ணுக்குத் தோன்றினால் ஏறக்குறையப் பொருந்துகிறது எனலாம். பட்டி தெரியாது பொறியின் பின்புறம் மறைத்தாற் பிடங்கின் முகடு தாழ்ந்தது. பட்டி முழுதும் மேடைபோல் விரிந்து தெரிந்தால் முகடு உயர்ந்தது. வலக்கையாளருக்கெனச் சற்று வலப்புறம் வளைத்த பிடங்கு இடக்கையாளருக்கு உதவாது.

பிடங்கின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் கம்மியர்க்கு இயலும். அதனாற் சிறு குறைபாடுகண்டு நல்ல துவக்கொன்றை விலக்கவேண்டியதில்லை; திருத்தும் செலவை விலையோடு கூட்டிப் பார்த்தாற் போதும். குழலின் குறைபாடோ அத்தகையதன்று.

பழைய துவக்கைச் சோதித்தல்

கையிற் பெற்றவுடன் முதலிற் செய்யத்தக்கது, துவக்கைத் திறந்து இரு தோட்டா அறைகளும் வெறுமையாக உள்ளனவா எனப் பார்த்தலாகும். கொடுப்பவர் பார்த்துவிட்டார் என்பது விடையாகாது. பின்னர்க் குழலிலும் பொறியுடலிலும் முன்பிடியிலுமுள்ள இலக்கங்கள் ஒத்திருக்கின்றனவா என்றும், விற்பவரின் பத்திரத்தில் அவ்விலக்கமே பதியப்பட்டுள்ளதா என்றும் நோக்கல் வேண்டும்.

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க. உட்சுவரிலே கருவளையம்போல் நிழல் தோன்றுமாயின், அங்கே குழல் புடைத்துள்ளது என்பது பொருள். குழலிற் சேறோ வேறு தடையோ இருக்கச் சுட்டதன் விளைவாக அது நேர்ந்திருத்தல் கூடும். வெளிநெளிவைக் கம்மியர் நிமிர்த்தலாம். புடைப்புள்ள துவக்கைத் தொடக்கநிலையாளர் விலக்குதலே தகும். துருக்குழிகளையும் கவனிக்க. துருவை அரைத்து நீக்கிப் பளபளப்பாக்கிய குழல் கண்ணுக்கு இனிது. ஆனால் அரைக்குந்தோறும் சுவர் மெலியும். ஆதலின் பளபளப்பு மட்டும் நலத்துக்குச் சான்றாகாது.

குழல்களை அவற்றின் கொக்கியால் தொங்கவிட்டு விரற்கணுவால் மெல்லத் தட்டினால், மணிபோல் ஒலித்தல் வேண்டும். மந்தமாகச் சலசலத்தால் இரு குழல்களையும் பிணைக்கும் பட்டி எங்கோ விட்டுள்ளது. அடுத்து, முன்பிடியை நீக்கிவிட்டுக் குழலைப் பொறியோடு பூட்டி, பிடங்கின் கழுத்தைப் பிடித்து மெல்ல அசைக்க. முன்பிடி பூட்டியிருப்பின் அதன் இறுக்கம் பிணைச்சலின் தேய்வை மறைத்துவிடும்; அதனாலேயே அதை நீக்குகிறோம். அசைவு தெரிந்தாற் பிணைச்சல் தேய்ந்துள்ளது. பூட்டுநெம்பு புதிய துவக்கில் நடுக்கோட்டின் வலப்புறமாக நிற்கும். தேயத் தேய இடப்புறம் நகரும். அது நடுவையும் கடந்திருப்பின் விலையில் அதற்கேற்ப இறக்கம் கேட்டல் நியாயமாகும். கிழமைதோறும் நூறு தோட்டா சுட்டவரின் துவக்கு ஆண்டொன்றில் ஐயாயிரத்தைக் காணும் என்பதை எண்ணுக.

விசை, ஊசி, தோட்டா வெளித்தள்ளும் பொறி, காப்புப் பூட்டு என்பனவற்றை, மருந்தில்லாப் போலித் தோட்டாக்களை இட்டுச் சோதிக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒற்றை விசையுள்ள துவக்குக்கள் பலவற்றில், முதற் குழலின் உதைப்பினாலேயே விசை இரண்டாங் குழலுக்கு மாறும். போலித் தோட்டாவில் உதைப்பு இல்லை. ஆகவே இரண்டாங் குழல் இயங்காதது கண்டு பழுதென முடிவுசெய்யாது, பிடங்கின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டியபின் மீண்டும் பார்க்க. சுருக்கக் குழாய்கள் தடையின்றிக் கழன்று பூட்டுகின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். பிடங்கு பொறியுடலோடு சேருமிடத்தில் மயிரிழை வெடிப்பு இருப்பின் அது உதைப்பினால் விரியும்.

முத்திரையும் தோட்டாவும்

மேற்கூறிய யாவும் கண்ணாலும் கையாலும் அறியக்கூடியன. குழல் வெடிப்பைத் தாங்குமா என்பதை அறிய அரசு வகுத்த முறை வேறொன்று. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலும் சோதனைச்சாலையில் வழக்கத்தினும் மிக்க அமுக்கமுள்ள தோட்டாவாற் சுடப்பட்டு, தாங்கினால் முத்திரை பெறும். இலண்டன் துவக்குக் கம்மியர் சங்கம் 1637ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1868ஆம் ஆண்டின் குழற் சோதனைச் சட்டத்தின்படி, சோதனை முத்திரை இல்லாத அல்லது அம்முத்திரைக்குரிய அளவைக் கடந்துவிட்ட துவக்கை விற்றல் குற்றமாகும். ஒரு காலத்தில் முத்திரை பெற்ற குழலும், பின்னர் அரைக்கப்பட்டு உட்பருமன் மிகுந்தால் அத்தகுதியை இழக்கும். இதனை அளக்க நுண்கருவி வேண்டும். ஆதலால், விற்பவரோடு தொடர்பில்லாத துவக்குக் கம்மியர் ஒருவரைக்கொண்டு குழலின் உட்பருமனையும் சுவர்த் தடிப்பையும் அளப்பித்தபின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். அச்செலவை மிச்சம் பிடிக்க எண்ணுதல், இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய கையையும் கண்ணையும் பந்தயம் வைப்பதாகும்.

தோட்டா அறையின் நீளத்தையும் நோக்குக. பழைய துவக்குக்கள் சில 65 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கென அமைந்தவை. இன்று எங்கும் விற்கப்படும் 70 மில்லிமீற்றர்த் தோட்டா அவற்றுட் புகும். ஆனால் வெடிக்கையில் முழுதும் விரிய இடமின்றி அமுக்கம் ஏறும். அன்றியும், இருபதாம் எண் தோட்டாவையும் பன்னிரண்டாம் எண் தோட்டாவையும் ஒரே பையிற் போடுதல் ஒருபோதுந் தகாது. சிறியது பெரிய குழலினுட் சென்று நடுவே தங்கும். சுடுவோர் அறை வெறுமையெனக் கருதி மற்றொன்றை இட்டுச் சுட்டாற் குழல் வெடிக்கும். இருபதாம் எண் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் தீட்டுவது இவ்விபத்தைத் தவிர்க்கும்பொருட்டே.

இன்று வாங்குவோர் நோக்கவேண்டிய புதிய செய்தியும் ஒன்று உண்டு. ஈயம் நிலத்துக்கும் பறவைக்கும் நஞ்சாதலின், ஈயச் சன்னத்தைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகப் பிரித்தானிய அரசு 2025ஆம் ஆண்டு யூலையில் அறிவித்தது. ஈயத்துக்குப் பதிலாக உருக்குச் சன்னம் வழங்கும். உருக்கு ஈயம்போல் நெகிழாது. மிகச் சுருங்கிய குழல்வாயூடே அதனைச் செலுத்துதல் தீங்கு. தற்காலச் சோதனை முத்திரையும், அரைச் சுருக்கத்துக்கு மேற்படாத குழல்வாயும் உள்ள துவக்கு சாதாரண உருக்குத் தோட்டாவுக்குப் போதும். வீரியமிக்க உருக்குத் தோட்டாவுக்கு லில்லிமலர் வடிவான தனி முத்திரை வேண்டும். மாற்ற இயலாத முழுச் சுருக்கமுள்ள பழைய ட்ராப் துவக்கை மலிவெனக் கருதி வாங்குவோர் இதனை முன்கூட்டியே சிந்தித்தல் நன்று.

வாங்கும் முறை

கடையில் வாங்கினால் விலை சற்றுக் கூடும். ஆயினும் பழுதுகண்டாற் திரும்பிச் செல்ல ஓர் இடம் உண்டு. தனியாரிடம் வாங்கின் விலை குறையும், அவ்வுறுதி இராது. ஏலத்திலோ சுட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிது. தொடக்கநிலையாளர்க்கு அது ஏற்ற இடமன்று. எங்கு வாங்கினும் பயிற்சி நிலத்தில் இருபத்தைந்து வட்டுக்களையேனும் சுட்டுப் பார்த்து, தோளும் கன்னமும் நோகாதிருப்பதை அறிந்தே முடிவுசெய்க. கைமாறும்போது விற்பவர் நேரிலே கொடுத்து, வாங்குபவரின் பத்திரத்தில் துவக்கின் விவரங்களைப் பதிதல் வேண்டும். ஏழு நாள்களுள் இருவரும் பொலிசாருக்கு அறிவித்தல் சட்டம்.

பணத்தைக் கணக்கிடும்போது துவக்கின் விலையோடு உருக்குப் பேழை, செவிக்காப்பு, கண்காப்பு, பயிற்சிக் கட்டணம், கம்மியர் கூலி என்பனவற்றையும் சேர்க்கவேண்டும். கையிலுள்ள பணம் யாவற்றையும் துவக்குக்கே கொடுத்துவிட்டுச் செவிக்காப்பில்லாது சுட்டவர் இழந்த கேள்வியை எக்கடையிலும் வாங்க இயலாது.

பாவித்த துவக்கு என்பதனால் அஞ்சவேண்டியதில்லை. செவ்வனே செய்து, முறையாகத் துடைத்துப் பேணிய துவக்கு ஒரு தலைமுறையைக் கடந்தும் உழைக்கும். விற்கும்போதும் பெரும்பாலான விலையைத் திரும்பத் தரும். பயிற்சி, பத்திரம், பொருத்தம், சோதனை ஆகிய நான்கும் நிறைவேறியபின், விலையை ஐந்தாவதாகப் பேசுக. பிள்ளைகள் இவ்விளையாட்டில் ஈடுபட விரும்பும் பெற்றோர், இவ்வைந்தும் இவ்வொழுங்கில் நடைபெறுகின்றனவா என்று வினவி அறிந்துகொள்வார்களாக. அங்ஙனம் நடைபெறின், பழைய கசப்பை நினைந்து தடுக்கவேண்டிய காரணம் இல்லை.